அண்ணாச்சியின் கடன் நோட்டை எங்களால் ஜெயிக்க முடியவில்லை

பெங்களூர் அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில் சாத்தான்குளத்து அண்ணாச்சி ஒருவர் மளிகைக்கடை வைத்திருக்கிறார். 2018-ல் நான் வேலை பார்த்த கம்பெனி அந்தக் கடைக்கு ஒரு டேப்லெட், சின்னதாக ஒரு பில் பிரிண்டர், ஒரு பார்கோடு ஸ்கேனர் எல்லாம் கொடுத்தது. மூன்று மாதம் இலவசம், அதற்குப் பிறகு மாதம் 499 ரூபாய். ஆறு வாரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது வெல்லப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் டேப்லெட்டை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது, பில் போடவும் கடன் எழுதவும் நாங்கள் செய்த ஆப் திறந்துதான் இருந்தது, திரை முழுக்கக் கடலை மாவு படிந்திருந்தது. அலுவலகக் கணக்கில் அது 'ஆக்டிவ்' கடை.

அதைச் செய்த குழுவில் நானும் இருந்தேன். கம்பெனி இரண்டே வருஷத்தில் மூடப்பட்டது. கூட வேலை செய்த எல்லாரும் கெட்டிக்காரர்கள், ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்து உழைத்தவர்கள், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆரம்பத்தில் பணத்துக்கும் குறைவில்லை. அப்படியும் தோற்றது. ரொம்ப நாளாக இதைப் பற்றி எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் இன்றைக்கும் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, சில பேர் வீட்டு நகையைக்கூட அடகு வைத்து, புதிதாக எதையாவது தொடங்குகிறார்கள். அவர்களில் என்னைத் தேடி வந்து காபி குடித்துக்கொண்டே கேட்கிறவர்களுக்கு நான் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஒரு புது யோசனை ஏன் தோற்றது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பணம் தீர்ந்துவிட்டது, பார்ட்னர்களுக்குள் சண்டை, விளம்பரம் போதவில்லை, காலம் கூடிவரவில்லை. எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இத்தனை வருஷத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது வேறு ஒன்று. நாம் கொடுக்கப்போகும் பொருளைப் பற்றி ராப்பகலாக யோசிக்கிறோம், அதை வாங்குகிறவர் எதையெல்லாம் விட வேண்டியிருக்கும் என்று யோசிப்பதே கிடையாது. அவரிடம் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. பழைய வழிதான், பார்க்க அழகாக இருக்காது, ஆனால் இருபது வருஷமாக அவர் வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். அந்த வழியை முழுசாகப் புரிந்துகொள்ளாமல் அதன் மேல் நம்முடையதைக் கொண்டுபோய் வைத்தால் அது நிற்காது.

கம்பெனியில் சேர்ந்து ஒன்றரை வருஷம் கழித்துத்தான் நான் அந்த அண்ணாச்சி கடையில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தேன். அரிசி மூட்டை மேல், ஏழு மணியிலிருந்து எட்டு மணிவரை, எதுவும் பேசாமல். அவ்வளவு தாமதமாகப் போனோமே என்று இப்போதும் வருத்தமாக இருக்கிறது. ஒரு அம்மா "அர்த கேஜி சக்கரெ" என்று கன்னடத்தில் கேட்கிறார், பக்கத்தில் ஒரு சின்னப் பையன் அஞ்சு ரூபாய் பிஸ்கட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான், பின்னாலிருந்து ஒரு ஆட்டோக்காரர் "அண்ணாச்சி, ரெண்டு முட்டை, கணக்குல எழுதிக்குங்க" என்கிறார். அண்ணாச்சியின் வலது கை சர்க்கரை மூட்டைக்குள், இடது கை தராசில், வாய் பிஸ்கட் பையனுக்குச் சில்லறை சொல்லிக்கொண்டிருக்கிறது. பேப்பர் மடிந்து பொட்டலமாகிறது, உத்தரத்தில் தொங்கும் நூல்கண்டிலிருந்து நூல் இறங்கி இரண்டு சுற்று சுற்றி அறுபடுகிறது. கூட்டல் எல்லாம் மனக்கணக்கு. ஏழெட்டு சாமான் சேர்ந்தால் மட்டும் சோப்புப் பெட்டி அட்டையைக் கிழித்து அதில் போட்டுக் கூட்டுவார். ஒரு ஆளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

எங்கள் டேப்லெட்டில் அதே அரைக் கிலோ சர்க்கரைக்கு பில் போட ஏழு இடத்தில் தொட வேண்டும். ஈரக் கையோ மாவுக் கையோ பட்டால் திரைக்குத் தெரியாது. பாக்கெட் சரக்கு என்றால் பார்கோடு ஸ்கேனர் சிறப்பாக வேலை செய்யும், ஆனால் சர்க்கரை, துவரம்பருப்பு, புளி, வற்றல் எல்லாம் மூட்டையிலிருந்து அள்ளித் தருகிற கடையில் அது எதை ஸ்கேன் செய்யும்? கூட நின்ற கடைப்பையன் தென்காசிப் பக்கம், எட்டாவதோடு வந்துவிட்டவன். திரை இங்கிலீஷிலும் இந்தியிலும் இருந்தது. தமிழும் கன்னடமும் 'அடுத்த வெர்ஷனில் வரும்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பெங்களூரில், அல்சூரில், ஒரு தமிழர் கடைக்கு!

அப்புறம் அந்தக் கடன் நோட்டு. நீளவாக்கில் இருக்கும், நாற்பது ரூபாய் நோட்டு, மூலைகள் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தன. அதில் இருந்த பெயர்களை ஒரு நாள் அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டே படித்தேன். 'மாடி வீட்டு அக்கா', 'ஆட்டோ, 3-ம் கிராஸ்', 'பிஜி பையன், கண்ணாடி', 'இஸ்திரிக்காரர் மருமகள்'. ஒருத்தருக்குக்கூட முழுப்பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை. எங்கள் ஆப்பில் கடன் எழுத வேண்டுமென்றால் பத்து இலக்க மொபைல் எண் கட்டாயம். ஐம்பது ரூபாய்க்குப் பற்று வைக்கும் ஒரு பெண்ணிடம் கடைக்காரர் போன் நம்பர் கேட்பது அந்தத் தெருவில் எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்று எங்கள் மீட்டிங்கில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு எஸ்எம்எஸ். கடன் எழுதியதும் வாடிக்கையாளர் போனுக்குத் தானாகவே செய்தி போகும். இது பெரிய வசதி என்று நம்பித்தான் செய்தோம். அண்ணாச்சி கேட்டதற்காக மாடி வீட்டு அக்கா ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார், வீட்டில் இருந்தது அந்த ஒரு நம்பர்தான், அது கணவர் கையில் இருந்த போன். முதல் வாரமே 340 ரூபாய்க் கணக்கு அவருக்குப் போய்விட்டது. வீட்டில் பெரிய சண்டை. பத்து வருஷமாக வந்துகொண்டிருந்த அந்த அக்கா கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அண்ணாச்சி என்னிடம் கோபப்படவில்லை. நோட்டை மூடி கல்லாவுக்குள் வைத்துவிட்டு, "தம்பி, நோட்டு வாய் திறக்காதுல்ல" என்றார்.

அந்த நோட்டுக்கு சார்ஜ் வேண்டாம். கடைப்பையனுக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து. கஷ்டத்தில் இருக்கும் ஆளுக்கு ஒரு மாதம் பொறுக்கலாம், ஆளே ஊரை விட்டுப் போய்விட்டால் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். தெருவில் யார் வீட்டில் என்ன நிலைமை என்பது அதில் இருக்கிறது, ஆனால் வெளியே தெரியாது. எங்கள் போட்டியாளர்கள் என்று அலுவலகத்தில் நாங்கள் ஒட்டி வைத்திருந்த பட்டியலில் நாலு கம்பெனிகளின் பெயர் இருந்தது. அந்த நோட்டு அதில் இல்லை. உண்மையில் எங்களைத் தோற்கடித்தது அதுதான்.

சரி, கம்பெனிக்குள் இது ஏன் யாருக்கும் தெரியவில்லை? கடைகளுக்குப் போகும் ஃபீல்டு பையன்களுக்கு ஊக்கத்தொகை எத்தனை கடையில் பொருளை மாட்டினார்கள் என்பதை வைத்து. ஒரு கடையில் நாளைக்கு ஒரு தடவை ஆப் திறந்திருந்தாலே அது 'ஆக்டிவ்'. அதனால் பையன்கள் கடைக்காரரிடம் "அண்ணா, தினமும் ஒரு தடவை சும்மா திறந்துடுங்க" என்று கெஞ்சிவிட்டு வருவார்கள். நாங்கள் அளந்தது எங்கள் வேலையை. கடைக்காரர் தன் வேலையை அதில் செய்கிறாரா என்று ஒருத்தரும் அளக்கவில்லை. அந்தப் பையன்களைக் குறை சொல்லவே மாட்டேன், எதற்குக் காசு கொடுத்தோமோ அதைச் செய்தார்கள்.

இது எங்கள் கம்பெனிக்கு மட்டும் நடந்தது என்றால் நான் எழுதியே இருக்க மாட்டேன். எங்களைவிடப் பல மடங்கு அறிவாளிகளுக்கும் இதே ஊரில் நடந்திருக்கிறது. சிம்ப்யூட்டர் ஞாபகம் இருக்கிறதா? இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தினரும் சேர்ந்து, சாதாரண ஜனங்களுக்கான கையடக்கக் கம்ப்யூட்டர் என்று 2001-ல் உலகத்துக்குக் காட்டினார்கள். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடியது. எழுத்துத் தெரியாதவர்களுக்கு இந்திய மொழிகளில் வாசித்துக் காட்டும். ஒரு கருவியை ஒரு கிராமமே பகிர்ந்துகொள்ளலாம், ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு போதும் என்பது திட்டம். 2004-ல் அமிடா சிம்ப்யூட்டர் என்று விற்பனைக்கு வந்தபோது அதைச் சாய்த்தால் அசைவை உணரும் சென்சார்கூட இருந்தது, ஐபோன் வருவதற்கு மூன்று வருஷம் முன்னால்! நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது. ஆனால் விற்றது சில ஆயிரங்கள்தான்.

நான் அதை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அதன் மலிவான மாடலே கிட்டத்தட்ட 10,000 ரூபாய். அதைப் பகிர்ந்துகொள்ள ஊரில் ஒரு ஏற்பாடு வேண்டும், அதில் போடுவதற்குப் பயிர் விலையோ நில ஆவணமோ யாராவது தயாரித்துத் தந்துகொண்டே இருக்க வேண்டும், அந்த வேலையை எடுத்துச் செய்ய அங்கே ஆள் இல்லை. அதே நேரத்தில், 2003-ல், உள்வரும் அழைப்புகள் இலவசமாகி, 501 ரூபாய் கட்டினால் கைபேசி என்று விளம்பரம் வந்துவிட்டது. கைபேசி வாங்கிய அன்றைக்கே திருப்பூரில் வேலை பார்க்கும் மகனோடு பேசிவிடலாம். யாரும் எதையும் ஏற்பாடு செய்துதரத் தேவையில்லை. வாங்கிய முதல் நாளே ஒரு பொருள் என்ன கொடுக்கிறது என்ற கேள்வியை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

நானோ காரின் கதையை எல்லாரும் விலையை வைத்தே பேசுகிறார்கள். மழையில் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே போகும் ஒரு குடும்பத்தைப் பார்த்து ரத்தன் டாடாவுக்கு வந்த எண்ணம் அது. நல்ல மனசிலிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2008 ஜனவரியில் டெல்லி கண்காட்சியில் ஒரு லட்ச ரூபாய் கார் என்று காட்டினார்கள், மேற்கு வங்கத்துச் சிங்கூரில் நிலத்துக்காகப் போராட்டம் நடந்து, அங்கே வரவிருந்த தொழிற்சாலை குஜராத்தின் சானந்துக்குப் போனது, 2009-ல் விற்பனைக்கு வந்தது. வருஷத்துக்கு இரண்டரை லட்சம் கார் செய்யக்கூடிய ஆலை, ஆனால் நன்றாக விற்ற வருஷத்திலும் எண்ணிக்கை 75,000-ஐத் தாண்டவில்லை. 2010-ல் சில கார்கள் தீப்பிடித்தது அடியாக விழுந்தது என்பது உண்மைதான். ஆனால் ஸ்கூட்டரிலிருந்து காருக்கு மாறும் குடும்பம் மழைக்கு ஒதுங்க மட்டும் மாறுவதில்லை. கல்யாண வீட்டு வாசலில் காரில் போய் இறங்குவதற்கும் சேர்த்துத்தான் மாறுகிறது. 'மிக மலிவான கார்' என்று பெயர் வாங்கிய வண்டி அந்த மதிப்பை விட்டுவிடச் சொன்னது. அப்படிப் பெயர் வாங்கியது தவறாகிவிட்டது என்று ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆரம்ப மாடல்களில் பின்கதவை வெளியிலிருந்து திறக்கவே முடியாது, அது 2015-ல்தான் மாறியது. ஊருக்குப் போகும்போது பின்னால் மூட்டை முடிச்சு ஏற்றுகிற குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அந்தக் காசுக்கு ஒரு பழைய மாருதி 800 கிடைத்தது, அதில் யாரும் எதையும் விட வேண்டியதில்லை.

பெங்களூரிலேயே 2001-ல் ரேவா என்ற மின்சாரக் கார் வந்தது. யோசனை சரி என்பது இன்றைக்குத் தெருவில் ஓடும் மின்சார வண்டிகளின் பச்சை நம்பர் பிளேட்டுகளைப் பார்த்தாலே தெரிகிறது. அன்றைக்கு ஈய பேட்டரி, ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர், மைசூருக்கு ஒரு வழிகூடப் போய்ச்சேர முடியாது. தெருவில் வண்டி நிறுத்துகிறவருக்கு சார்ஜ் போட இடமே இல்லை. 2010-ல் மஹிந்திரா அதை வாங்கியது. சில சமயம் விடவேண்டியவர் வாங்குகிறவராக இல்லாமல், செய்கிற கம்பெனியாகவே இருக்கிறது. 1975-ல் டிஜிட்டல் கேமராவை முதலில் செய்து காட்டியவர் கோடாக் கம்பெனியின் சொந்த இன்ஜினியர் ஸ்டீவன் சாசன். ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆனது. ஃபிலிம் விற்று வரும் வருமானத்தை விட்டுவிட அந்தக் கம்பெனிக்கு மனம் வரவில்லை. 2012 ஜனவரியில் திவால் மனு போட்டது.

ஜெயித்த ஒன்றைச் சொல்கிறேன், நம்ம கடலூர்க் கதை. ஷாம்பூவைச் சின்னச் சின்ன பாக்கெட்டில் அடைக்கலாம் என்று ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கி சிக் ஷாம்பூவைக் கொண்டுவந்தார். சீயக்காயோ குளிக்கிற சோப்போ போட்டுத் தலை குளித்துக்கொண்டிருந்த கிராமங்களுக்குப் போய், எல்லார் முன்னிலையிலும் ஒரு பையனுக்குத் தலைக்குத் தேய்த்துக் காட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எந்தக் கம்பெனி காலி பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்று ஒரு திட்டம். பின்னால் 50 பைசாவுக்கே பாக்கெட் கிடைத்தது. வாங்குகிறவர் இங்கே என்ன விட வேண்டும்? ஒரு சில்லறைக் காசு, ஒரு நாள் குளியல். பிடிக்காவிட்டால் மறுநாள் சீயக்காய்க்கே போய்விடலாம். வாங்குவதற்கு முன்னாலேயே பலனைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது. ஒரு பாட்டிலை வாங்க வைப்பதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

அடுத்தது யூபிஐ. வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ 2016-ல் தொடங்கியது, அந்த வருஷம் நவம்பர் 8-ம் தேதி பணமதிப்பிழப்பு வந்தது, 2020 ஜனவரியிலிருந்து வியாபாரிகளுக்குக் கட்டணமே இல்லை, 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனையைத் தாண்டியது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது கல்லாவில் உட்கார்ந்து பேசுகிற அந்தச் சின்ன ஸ்பீக்கர் பெட்டி. கியூஆர் ஒட்டிய ஆரம்பத்தில் அண்ணாச்சி பட்ட பாடு எனக்குத் தெரியும். பணம் வந்ததா என்று பார்க்கக் கையைத் துடைத்து, போனை எடுத்து, கண்ணாடி போட்டு, எஸ்எம்எஸ்ஸைத் தேட வேண்டும், அதற்குள் நாலு பேர் காத்திருப்பார்கள். போன் திரையை மட்டும் நீட்டிக் காட்டிவிட்டு ஏமாற்றிப் போனவர்களும் உண்டு. 2019 வாக்கில் வந்த அந்தப் பெட்டியில் தனி சிம் இருக்கிறது, சத்தமாகத் தொகையைச் சொல்கிறது. கை சர்க்கரை மூட்டையிலேயே இருக்கலாம். கண்ணுக்கு வேலையே இல்லை, காது சும்மாதானே இருக்கிறது! அதைச் செய்தவர்கள் யாரோ ஒரு கடையில் சாயங்காலம் ஏழு மணிக்கு நின்றிருக்கிறார்கள் என்று நான் முழுசாக நம்புகிறேன்.

ஆனால் அதிலும் ஒரு பாடம் மிச்சமிருந்தது. 2025 ஜூலையில் பெங்களூரின் சின்னக் கடைகள் பலவற்றில் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'நோ யூபிஐ, ஒன்லி கேஷ்' என்று எழுதி ஒட்டினார்கள். வருஷ விற்பனையில் சரக்கு விற்பவருக்கு 40 லட்சம், சேவை தருபவருக்கு 20 லட்சம் என்ற ஜிஎஸ்டி பதிவு வரம்பைத் தாண்டியதாக, யூபிஐ கணக்கை வைத்து வணிக வரித்துறை ஆயிரக்கணக்கானவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தது. அரசு கூப்பிட்டுப் பேசிய பிறகுதான் நிலைமை அடங்கியது. அந்த வாரம் எனக்கு எங்கள் பழைய டேப்லெட் ஞாபகம்தான் வந்தது. ஒரு நாள் வியாபாரம் முழுவதையும் அதில் பதியச் சொன்னோம், அந்தக் கணக்கு யார் கைக்கு எப்போது போகும் என்ற பயம் கடைக்காரர்களுக்கு 2018-லேயே இருந்திருக்கும். எங்களிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "நெட்டு சரியில்ல தம்பி" என்றார்கள், "பேரன் வந்து பழகிக் கொடுக்கணும்" என்றார்கள். நாங்களும் நெட்டைச் சரிசெய்ய ஆள் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இப்போது நான் பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் ஹோட்டல்களுக்கு இயந்திரம் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் புதுப் பொருட்களைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று வருஷம் முன்னால் வெங்காயம் நறுக்க ஒரு சிறிய மெஷின் செய்தோம், நின்றுகொண்டே சாப்பிடும் தர்ஷினி ஹோட்டல்களின் குறுகலான சமையலறைக்கென்றே. மல்லேஸ்வரத்தில் ஒரு ஹோட்டலில் நாற்பது நாள் வைத்துப் பார்ப்பது என்று முடிவு. இந்தத் தடவை சில விஷயங்களை மாற்றிச் செய்தேன். முதலாளியிடம் ஐயாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கினேன், ஏனென்றால் இலவசமாகக் கொடுத்தால் நம்மேல் இருக்கும் மரியாதைக்காக ஒரு மூலையில் வைத்துக்கொள்வார்கள், உண்மை வெளியே வராது. அப்புறம், நாற்பதாவது நாளுக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக் கூட்டத்தில் மாஸ்டர் தானாக இந்த மெஷினைத் தொடவில்லை என்றால் இந்த மாடலை நிறுத்துகிறோம் என்று மார்க்கரால் பட்டறைச் சுவரில் எழுதி வைத்தோம். பின்னால் எழுதியிருந்தால் மனசு ஏதாவது சாக்குத் தேடும், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். குந்தாப்புரத்து மாஸ்டர் கத்தியால் நறுக்கிக்கொண்டிருந்தார். மெஷின் துடைத்து வைத்தபடி இருந்தது. நிறுத்தினோம். முதலாளிக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஏன் என்று மாஸ்டரிடம் கேட்டதற்கு "வெங்காயம் தண்ணி விடுது" என்றார், அதில் உண்மை இருந்தது, பிளேடு மழுங்கினால் வெங்காயம் நசுங்கித்தான் போகும். ஆனால் அது முழுக் காரணமாகத் தோன்றாததால் இன்னும் மூன்று ராத்திரி போனேன். பத்தரை மணிக்கு ஹோட்டல் மூடிய பிறகு அந்த மெஷினைக் கழுவுகிறவன் கள்ளக்குறிச்சிப் பையன் ஒருவன். நாலு ஆலன் போல்ட்டைக் கழற்றினால்தான் பிளேடு வெளியே வரும். ஆலன் கீ ஒரு தடவை சாக்கடைத் துளைக்குள் விழுந்துவிட்டது, அன்றைக்கு அவன் திட்டு வாங்கியிருக்கிறான். கழுவி மாட்ட இருபத்தைந்து நிமிஷம், ஊர்ப் பிள்ளைகள் மற்றவர்கள் எல்லாம் அறைக்குப் போன பிறகு. "அண்ணே, நான்தான் மாஸ்டர்கிட்ட கத்தியிலேயே நறுக்கிடுங்கன்னு கேட்டுக்கிட்டேன்" என்றான். மாஸ்டரும் பையனுக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார். வாங்குகிறவர் முதலாளி, ஓட்டுகிறவர் மாஸ்டர், கழுவுகிறவன் இந்தப் பையன். நாங்கள் பேசியது முதலாளியிடம் மட்டும்.

அடுத்த மாடலில் போல்ட்டே கிடையாது. கையால் திருகும் இரண்டு பெரிய குமிழ், அதுவும் கழன்று விழாதபடி சங்கிலியில். கழுவ நாலைந்து நிமிஷம். மாற்று பிளேடு ஒன்று கூடவே தருகிறோம், மழுங்கியதைப் பட்டறைக்கு அனுப்பினால் சாணை பிடித்துத் திருப்பித் தந்துவிடுவோம். இப்போது பதினோரு ஹோட்டலில் ஓடுகிறது. பெரிய எண்ணிக்கை இல்லை என்று தெரியும், ஆனால் பதினொன்றும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கின்றன.

அதனால் புதிதாகத் தொடங்கப்போகும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் பொருளை யார் வாங்குவார், யார் பயன்படுத்துவார், யார் கழுவுவார் என்பதுதான். மூன்று பேரும் ஒரே ஆளாக இருந்தால் உங்கள் வேலை சுலபம். அடுத்து, அந்த ஆள் இப்போது அதே வேலையை எப்படிச் செய்கிறார் என்று உங்களால் அப்படியே நடித்துக் காட்ட முடியுமா? கை எங்கே இருக்கிறது, கண் எங்கே இருக்கிறது, அவசரம் எப்போது வருகிறது. முடியவில்லை என்றால் ஒரு வரி புரோகிராம்கூட எழுத வேண்டாம், போய் மூட்டை மேல் உட்காருங்கள். 'இது வந்தால் வாங்குவீர்களா' என்று கேட்கவே கேட்காதீர்கள். நம்ம ஜனங்கள் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல மாட்டார்கள், வாங்குகிறேன் தம்பி என்றுதான் சொல்வார்கள். கடைசியாக எப்போது இதனால் கஷ்டப்பட்டீர்கள், அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். தோற்றால் உங்களுக்கு ஒரு வருஷம் போகும். உங்கள் பேச்சை நம்பிப் பழைய வழியை விட்ட கடைக்காரருக்குப் போவது பத்து வருஷ வாடிக்கை. அந்த அக்கா இன்றுவரை அந்தக் கடைக்குத் திரும்பவில்லை.

போன மாதம் அல்சூர் போயிருந்தேன். ஸ்பீக்கர் பெட்டி பேசிக்கொண்டிருந்தது, நோட்டும் கல்லாவில் இருந்தது, எண்ணெய் குடித்த மூலைகளோடு புதிதாக இன்னொரு நோட்டு. டீ வாங்கிக் கொடுத்தார். விற்க ஒன்றும் இல்லாமல் நான் அவரிடம் போனது அதுதான் முதல் தடவை. "அண்ணாச்சி, கடையில உங்களுக்கு உண்மையிலேயே பெரிய தொந்தரவு எது?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, "பால்" என்றார். விடிகாலை அஞ்சு மணிக்கு வண்டிக்காரர் கிரேட்டுகளை இறக்கி வைத்துவிட்டு உடனே கிளம்பிவிடுவாராம். இருட்டில் ஒவ்வொரு பாக்கெட்டாகத் தடவிப் பார்த்து ஒழுகுவதை வண்டி நகர்வதற்குள் எடுத்துக் கொடுத்தால்தான் மாற்றித் தருவார்கள், அப்புறம் பார்த்தால் நஷ்டம் கடைக்குத்தான். மழை நாளில் எல்லாப் பாக்கெட்டும் ஈரமாக இருப்பதால் எது ஒழுகுகிறது என்று தெரியவே தெரியாதாம். இரண்டு வருஷம் அந்தக் கடைக்குப் போய் வந்திருக்கிறோம், இதை ஒரு தடவைகூட நாங்கள் கேட்டதில்லை.

இது ஒரு பொருளாக மாறுமா என்று எனக்கு இன்னும் தெரியாது. நாளைக்கு அஞ்சு மணிக்கு அங்கே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். டார்ச் எடுத்து வரச் சொன்னார்.